94 பாகையில் கொதிக்கும் பாடம்

நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பதற்கு 100 பாகை செல்சியஸ் தேவையில்லை. 94ஐ நெருங்கும்போதே கொதித்துவிடும். பாடநூல் சொல்வது பொய்யல்ல. அது கடல்மட்டத்துக்கு எழுதப்பட்ட கணக்கு. நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டலத்தின் ஐந்தில் ஒரு பங்கு அந்த நகரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரத்தை வளிமண்டல அமுக்கம் என்கிறோம். அந்தப் பாரம் குறைந்த இடத்தில் நீரின் மூலக்கூறுகள் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிக் கிளம்பிவிடுகின்றன. ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டனில் அது 96ஐ ஒட்டி நிற்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு வியப்பு. ஒரு வெப்பமானியும் ஒரு கேத்தலும் இருந்தால் மலையின் உயரத்தையே அளந்துவிடலாம். கொதிநிலை எத்தனை பாகை குறைந்திருக்கிறதோ, அதை 300ஆல் பெருக்கினால் போதும். 19ஆம் நூற்றாண்டில் மலைகளை அளந்தவர்களும் செடி தேடி அலைந்தவர்களும் இப்படித்தான் தண்ணீர் கொதிக்கவைத்து உயரம் கண்டார்கள். தரம் 10 மாணவி ஒருத்தி தன் வகுப்பறையில் அதே அளவையை எடுக்கும்போது, பௌதிகம், புவியியல், வரலாறு மூன்றும் ஒரே கேத்தலில் கொதிக்கின்றன.

தேயிலைத் தோட்டப் பகுதியில் இப்படிப்பட்ட பொருள்கள் காலடி தோறும் கிடக்கின்றன. கொழுந்துக் கூடை, தேயிலைத் தொழிற்சாலை, ரயில் சுரங்கம், நீர்மின் குழாய், மழைமானி, கல்லறை. ஒவ்வொன்றிலும் ஒரு அறிவியல் விதியும் ஒரு மக்கள் வரலாறும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. பாடவேளைகளாக நாம் துண்டு போட்டு வைத்திருப்பதை மலை சேர்த்தே வைத்திருக்கிறது. உயர்தரப் பாடசாலைக்கு வேண்டிய ஆய்வுகூடமும் ஆவணக்காப்பகமும் வாசலிலேயே இருக்கின்றன.

மழையிலிருந்து பார்ப்போம். ஹட்டனுக்கு அருகிலுள்ள வட்டவளை இலங்கையின் மிக ஈரமான ஊர்களில் ஒன்று. அங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. அதாவது ஐந்து மீற்றர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றின் கூரைமேல் மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 55,000 லீற்றர் விழும். நுவரெலியாவில் பெய்வதோ 2,000 மில்லிமீற்றரையும் எட்டாது. இரண்டு ஊருக்கும் இடையே நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றர்கூட இராது. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து முதல் மலைச்சுவரில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியவில்லை. வட்டவளை நனைகிறது. தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவு குறித்து வைக்கும் வழக்கம் பழையது. பல பத்தாண்டுப் பதிவேடு ஒன்று ஒரு தோட்டத்தில் கிடைத்தால், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தைக் கற்பிக்க வேறு நூல் வேண்டாம். வரைபடத்தாளும் பென்சிலும் போதும்.

இனி, இந்த மலையின் பெரிய கதைக்கு வருவோம். அதன் நாயகன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு.

இன்று தேயிலை நிற்கும் சரிவுகளில் 1860களில் நின்றது கோப்பி. 1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி படியத் தொடங்கியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆய்வாளர் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி; பங்கசு தன்னைப் பரப்ப அனுப்பும் நுண்ணிய விதை. காற்றில் மிதந்துவந்து ஈரமான இலையில் விழுந்தால் அது முளைக்கும். இலை மூச்சுவிடும் நுண்துளையான இலைவாய் வழியே உள்ளே புகுந்துவிடும்.

இதைத் தெளிவாகக் கண்டறிந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். 1880இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சற்றே தாண்டியிருந்தது. பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஒரே பயிரை மலைமலையாக இடைவெளியின்றி நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்பதையும் அவர் உணர்ந்தார். காற்று ஒரு செடியிலிருந்து எங்கே போனாலும் அங்கேயும் கோப்பியே இருந்தது. வார்ட்டின் சோதனையை இன்றைய வகுப்பறை சில ரூபாய்ச் செலவில் திரும்பச் செய்யலாம். கண்ணாடித் தகட்டில் மெல்லிய வஸ்லீன் பூச்சு, மழைக்கால மூடுபனியில் தேயிலை நிரைகளுக்கு நடுவே ஓர் இரவு, மறுநாள் நுணுக்குக்காட்டி. 1946இல் இலங்கைக்கு வந்துசேர்ந்த, தேயிலை இலையில் கொப்புளம் எழுப்பும் நோயின் வித்திகளும் இப்படிக் காற்றில்தான் அலைகின்றன.

கோப்பி வீழ்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதுவரை உயிரியல். இதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறு, அதையும் செடியின் இயல்பே எழுதியது. கோப்பிப் பழம் ஆண்டில் ஒரு பருவத்தில் பழுக்கும். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பருவத்துக்கு உழைத்துவிட்டுப் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. வாரம் தவறாமல், ஆண்டு முழுவதும் துளிர்க்கும். துளிர்த்தால் எடுத்தாக வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. இலைவாய்க்குள் நுழைந்த ஒரு பங்கசு, பருவத்துக்கு வந்துபோன உழைப்பாளரை இந்த மலையின் மக்களாக்கிய மாற்றத்தின் தொடக்கக் கண்ணியாக நின்றது. அந்தச் சங்கிலி அங்கே முடியவில்லை. நிலைத்துவிட்ட அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் பெரும்பாலோரின் தலைவிதியை இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிட்டது. விஞ்ஞான ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால் தவிர இந்தச் சங்கிலி முழுதாகத் தெரியாது.

அந்தத் தொழிலாளர் வந்த வழியும் ஒரு பாடம். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வறண்ட வலயத்தில் குடிநீர் அரிது. மலேரியாவும் வாந்திபேதியும் வழியெங்கும் காத்திருந்தன. பலர் வழியிலேயே மாண்டார்கள். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சுமார் 250 கிலோமீற்றரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். நாளைக்குப் பதினாறு கிலோமீற்றர் வீதம் நடந்தாலும் அரை மாதம் ஆகும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எத்தனை குளங்களைக் கடந்திருப்பார்கள், கொசு எந்த மாதங்களில் பெருகும் என்று கணக்கிடும் மாணவர் அந்த நடையின் கொடுமையை எண்களாலேயே உணர்வார். இதே காலத்தில், 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலவில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான குவினைனைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் அது. இன்றைய ஹக்கல தாவரவியல் பூங்காவின் பிறப்பு அது.

இப்போது தேயிலைச் செடியையே நெருங்கிப் பார்க்கலாம். இடுப்பளவு நிற்கும் அது உண்மையில் ஒரு மரம். விட்டுவிட்டால் பத்து மீற்றரும் வளரும். அதை மட்டமாக நிற்கவைப்பது ஒரு இரசாயனத் தந்திரம். கிளையின் நுனிமொட்டு ஒட்சின் என்ற ஓமோனைச் சுரந்து கீழே அனுப்புகிறது; "நான் இருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்று பக்கமொட்டுகளுக்கு அது இடும் கட்டளை. இதை நுனி ஆட்சி என்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியைக் கிள்ளிய மறுகணம் கட்டளை அறுகிறது. உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. ஒன்று போன இடத்தில் பல துளிர்க்கின்றன. சில ஆண்டுக்கொருமுறை வெட்டும் கவ்வாத்தும் இதே விதியின் பெரிய வடிவம். ஒட்சின் என்ற பெயர் அறிவியலில் தோன்றுமுன்பே, கொழுந்து எடுத்த விரல்கள் அதை ஆண்டுகொண்டிருந்தன.

அந்த விரல்களின் வேகத்தை அளக்க ஒரு சமையலறைத் தராசு போதும். நூறு கொழுந்தை எண்ணி நிறுத்துப் பார்க்கட்டும். 60 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோகிராம் எடுத்தால் அது 30,000 கொழுந்து. எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டுகிறது. சரிவில் நின்று, முதுகில் கூடை கனத்துக்கொண்டே போக, எது கொழுந்து எது முற்றல் என்று கண் தீர்மானித்து, விநாடிக்கு ஒன்றுக்கு மேல் கை கிள்ளுகிறது. ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தூளாகும் என்பதால் அந்த 18 கிலோ நான்கு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் 2,000 கோப்பை. ஒரு தாயின் ஒரு நாள் உழைப்பில் 2,000 பேர் தேத்தண்ணி குடிக்கிறார்கள். விகிதசமம் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு இந்த மலையில் இல்லை. இதையடுத்து நாட்சம்பளத்தையும் ஒரு கோப்பையின் விலையையும் பக்கத்தில் எழுதினால், அதே கணக்கு குடியியல் பாடமாக வளரும்.

பச்சை இலை எப்படிச் செம்பழுப்பாகிறது? இலையின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கட்டெக்கின் என்ற நிறமற்ற துவர்ப்புப் பொருள் ஒரு பையில் அடைபட்டிருக்கிறது. அதை மாற்றவல்ல நொதியம், அதாவது உயிரினங்கள் வேதிமாற்றத்தை விரைவாக்கச் செய்துவைத்திருக்கும் புரதம், வேறோர் அறையில் இருக்கிறது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்தும் முகம் பாராத இரு குடும்பங்கள் போல. தொழிற்சாலையின் உருளை இலையைக் கசக்கும்போது நடுச்சுவர் இடிகிறது. இரண்டும் காற்றின் ஒட்சிசனும் கூடுகின்றன. தியாஃபிளேவின் பிறந்து தேநீருக்குப் பொன்னிறமும் சுறுக்கும் தருகிறது; தியாருபிஜின் பிறந்து சிவப்பும் கனமும் தருகிறது. இதன் பெயர் ஒட்சியேற்றம். சரியான கணத்தில் சூடான காற்றைச் செலுத்தி நொதியத்தை அழித்து மாற்றத்தை நிறுத்துவதில்தான் தேயிலை தயாரிப்பவரின் திறமை இருக்கிறது.

இதை வகுப்பில் செய்துபார்ப்பது எளிது. தோட்ட அலுவலரிடம் கேட்டு, மருந்தடிக்காத நிரையிலிருந்து இரண்டு பிடி கொழுந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிடியை இட்டலிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டுங்கள். மற்றதைப் பச்சையாகவே வைத்து, இரண்டையும் ஓர் இரவு தாளில் தனித்தனியே பரப்பி வாடவிடுங்கள். மறுநாள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, சாறு விரலில் ஒட்டும் வரை கசக்கி, ஈரத்துணியின் கீழ் வைத்துவிடுங்கள். அரைமணியில் ஆவி காணாத இலையின் விளிம்பு செம்பாகத் தொடங்கும். பச்சை வாடை போய்ப் பழவாசம் எழும். ஆவி கண்ட இலை பச்சையாகவே கிடக்கும், ஏனென்றால் அதன் நொதியம் சூட்டிலேயே செத்துவிட்டது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாமல் வைத்து ஒப்பிடும் முறையை, அறிவியலின் அடிப்படை ஒழுக்கத்தை, மாணவர் மூக்காலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

பாலில்லாத தேத்தண்ணியில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறும். அமிலம் பட்டால் தியாருபிஜினின் நிறம் மங்கும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறவைத்து, அந்த நீரில் சில துளியைச் சாயத்தில் விட்டால் அது கறுத்துப்போகும். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மையாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் பேரேடுகளில் பெருவாரியானவை இதே வகை இரும்பு மையில் எழுதப்பட்டவை. நாள் வேலையைப் பதியும் செக்ரோலில் ஒருவருக்குப் "பேர்" விழுந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்த கறுப்பு எது என்று வேதியியல் பாடமே காட்டித் தரும்.

அறிவியலின் நுட்பத்தை இன்னும் காண விரும்பினால் தலவாக்கலைக்குப் போகலாம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலை இலைகளைச் சுருட்டி ஒட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு ஒருகாலத்தில் தோட்டங்களைப் பாழாக்கியது. 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி வரவழைக்கப்பட்டது. அந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். முட்டை ஒன்றே, ஆனால் அது உள்ளே பிளந்து பிளந்து பல குளவிகளாகும். புழுவைத் தின்றுவிட்டு அவை கூட்டமாக வெளிவரும். நஞ்சு தெளிக்காமல் ஒரு பூச்சியை இன்னொரு பூச்சியால் அடக்கிய இந்த வெற்றி, உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உலகம் மேற்கோள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அது நடந்தது நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்துபோகும் மலைகளில்.

மலையேறும் ரயிலும் காத்திருக்கிறது. 1885இல் பாதை நானுஓயாவை எட்டியது. கோப்பிக்காகக் கனவு கண்ட பாதை, கோப்பி செத்துக்கொண்டிருந்தபோது வந்துசேர்ந்து தேயிலையைச் சுமந்தது. சரிவு 44க்கு 1. அதாவது 44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் ஏறும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் 562 மீற்றர் நீளம். ரயிலில் அமர்ந்து, இருள் தொடங்கும் கணத்திலிருந்து வெளிச்சம் வரும் கணம் வரை கைக்கடிகாரத்தில் எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். 80 விநாடி என்றால் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர்.

தண்ணீரோ எதிர்த்திசையில் இறங்குகிறது. இந்த மலையருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே விரிவாக எழுதினார். 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. நோட்டன்பிரிட்ஜ் அணையின் நீர் அதற்குச் சுமார் 450 மீற்றர் விழுகிறது. ஒரு கன மீற்றர் நீர், அதாவது ஆயிரம் லீற்றர், அவ்வளவு உயரம் விழுந்தால் வழிச்சேதாரம் போக ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம். பத்து வாற்று விளக்கு நூறு மணி நேரம் எரியும். ஒரு காம்பராக் கூரையில் ஓராண்டு விழும் வட்டவளை மழை, அந்த உயரத்திலிருந்து இறங்கினால், ஐம்பது அலகுக்கு மேல் தரும். அப்படியிருந்தும் அருகிலிருந்த லயங்களில் விளக்கெரிய நெடுங்காலம் பிடித்தது. ஏன் என்ற கேள்வியை விஞ்ஞான ஆசிரியர் வரலாற்று ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம்.

வரலாற்று ஆசிரியருக்கும் கருவிகள் உண்டு. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயத்தின் கல்லறைகளில் துரைமாரின் பெயரும் வயதும் பொறித்திருக்கின்றன. வயதுகளைத் திரட்டிச் சராசரியும் இடையமும் காணலாம், அது கணிதம். அதே காலத்தில் அதே மலையில் மாண்ட தொழிலாளரில் எத்தனை பேருக்குக் கல் இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். அது வரலாற்று ஆய்வு. இருக்கும் சான்றை வாசிப்பது ஒரு பாதிதான். இல்லாத சான்றையும் வாசிக்கத் தெரிந்தவரே வரலாற்றாளர். கல் இல்லாத இடத்தை நிரப்ப அம்மாயிகளும் தாத்தாமாரும் இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் என்ன நடந்தது, எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த மலைக்கு என்ன பெயர் என்பதை ஒரு கைப்பேசியில் பதிவுசெய்து, தேதியிட்டு, தோட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அது முதல்தர ஆவணம்.

இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டாம். வெப்பமானி, தராசு, கண்ணாடித் தகடு, கடிகாரம், குறிப்பேடு; அதோடு இரண்டு ஆசிரியர்கள் ஒரு பாடவேளையைப் பங்குபோட்டுக்கொள்ளும் மனம். ஒரு தவணைக்கு ஒரு பொருள் போதும். முதல் தவணைக்கு மழைமானியை எடுங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் ஒரு மாணவர் அளந்து எழுதட்டும். அடுத்த தவணைக்குக் கொழுந்து, அதற்கடுத்து மூத்தோர் வாய்மொழி. ஐந்தாண்டில் அந்தப் பாடசாலையிடம் வேறெங்கும் கிடைக்காத ஒரு பதிவேடு சேர்ந்திருக்கும். வார்ட்டும் விமலசுரேந்திரவும் இந்த மலையைப் பார்த்து எழுதியதை உலகம் படித்தது. இங்கேயே பிறந்து, இந்தச் சரிவுகளை நாளும் ஏறி இறங்கும் பிள்ளைகள் எழுதப்போவதை அந்த வரிசையில் வைக்கலாம். அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து, சன்னலுக்கு வெளியே இருப்பதும் பாடந்தான் என்று சொல்லவேண்டியது நம் வேலை.